கிட்: மெயின் பிராஞ்சில் நிற்கிறீர்களா? முதல் வரியைப் படியுங்கள்

கேள்வி: வடபழஞ்சி ஐடி பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எந்த பிராஞ்சில் இருக்கிறேன் என்று பார்க்காமல் மெயினிலேயே கமிட் போட்டு, புஷ்ஷும் செய்துவிட்டேன். டீம் லீடர் திட்டிவிட்டார். எந்த பிராஞ்சில் இருக்கிறேன் என்று கிட்டில் எப்படிச் சரிபார்ப்பது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, புதிதாகச் சேர்ந்த பலருக்கும் நடப்பதுதான். கிட் என்பது நிரலில் (கோட்) செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். அப்படிப் பதிவது கமிட், அதை சர்வருக்கு அனுப்புவது புஷ். பிராஞ்ச் என்பது வேலை செய்யும் தனிக் கிளை; எல்லோருக்கும் பொதுவான முக்கியக் கிளைதான் மெயின். டெர்மினலில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் 'கிட் ஸ்டேட்டஸ்' என்று அடியுங்கள். முதல் வரியிலேயே 'ஆன் பிராஞ்ச்' என்று போட்டு, பக்கத்தில் பெயர் வரும். 'கிட் பிராஞ்ச்' என்று அடித்தால் எல்லா பிராஞ்சும் வரிசையாக வரும். நட்சத்திரக் குறி எதன் முன்னால் இருக்கிறதோ அதில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். விஎஸ் கோட் எடிட்டர் என்றால் இடது பக்கம் கீழ் மூலையில் பெயர் தெரியும். பிரவுசரில் கிட்ஹப் (நிரலை சர்வரில் வைக்கும் தளம்) பக்கத்தைத் திறந்து பார்க்காதீர்கள். அது காட்டுவது சர்வரில் உள்ளதை, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ளதை அல்ல.

மெயினில் நிரலை மாற்றிவிட்டீர்கள், கமிட் இன்னும் போடவில்லை என்றால் 'கிட் ஸ்விட்ச் -சி' அடித்துப் புது பிராஞ்சின் பெயரைக் கொடுங்கள். மாற்றங்கள் கூடவே வந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பெயருக்குப் பதில் 'ஹெட் டிடாச்டு' என்று வந்தால் நீங்கள் எந்த பிராஞ்சிலும் இல்லை, ஏதோ ஒரு பழைய கமிட்டின் மேல் நிற்கிறீர்கள். அங்கே போடும் கமிட்டுக்குப் பெயர் கிடையாது; வேறு பிராஞ்சுக்குப் போனதும் கண்ணில் படாது. கிட் எச்சரிக்கத்தான் செய்கிறது, ஆனால் இந்தப் பெயரைப் பார்த்தால் புதியவருக்கு என்ன புரியும்?

இறுதியாண்டு மாணவர் ஒருவர் இப்படி இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டு மெயினுக்குத் திரும்பியிருக்கிறார். எழுதிய நிரல் காணவில்லை. அவருக்கு ப்ராஜெக்ட் செய்து கொடுத்த சென்டர், மீட்டுத் தர மூவாயிரம் ரூபாய் கேட்டது. என்னிடம் லேப்டாப்பைக் கொண்டு வந்தார். நாம் நின்ற கமிட்களை வரிசையாகக் காட்டும் 'கிட் ரெஃப்ளாக்' அடித்ததும் இரண்டாவது வரியிலேயே அவருடைய கமிட் இருந்தது. அதன் எண்ணைக் கொடுத்து ஒரு பிராஞ்ச் போட்டோம், எல்லாம் திரும்பி வந்தது. இப்படித் தொலைந்த கமிட்டை கிட் வழக்கமாக 30 நாளாவது வைத்திருக்கும். இதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள்.

அதைவிட மோசம், எதற்கெடுத்தாலும் 'ரீசெட் ஹார்ட்' (ஃபைல்களை ஒரு கமிட்டின் நிலைக்கே திருப்பும் கட்டளை) அடி என்பவர்கள். கமிட் போடாத மாற்றங்கள் அதில் அழிந்தால் ரெஃப்ளாக்கிலும் கிடைக்காது. பிராஞ்ச் மாறுவதற்கென்றே 2019இல் ஸ்விட்ச் கட்டளை வந்துவிட்டது. நம் ஊர் வகுப்புகள் பலவற்றில் இன்னும் பழைய செக்அவுட் கட்டளை ஒன்றையே எல்லாவற்றுக்கும் சொல்லிக் கொடுத்துக் குழப்புகிறார்கள்.

உங்கள் லீடரிடம் ஒன்று கேளுங்கள். மெயினில் யாரும் நேரடியாக புஷ் செய்ய முடியாதபடி பூட்டி வைக்க கிட்ஹப், அதைப் போன்ற கிட்லேப் இரண்டிலும் வசதி இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் உங்கள் கமிட் உங்கள் கம்ப்யூட்டரோடு நின்றிருக்கும்.