படிகம் வளர்க்கிறவர்களுக்கு: சிண்டிலேட்டர் கேள்வி பதில்

கதிர்வீச்சு பட்டால் ஒளி விடும் அருமண் (லாந்தனம், சீரியம், யூரோப்பியம் போன்ற தனிமங்கள்) கலந்த படிகங்கள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி: சீரியம் கலந்த லாந்தனம் புரோமைடை பிரிட்ஜ்மன் முறையில் (மூடிய குவார்ட்ஸ் குழாயில் உப்பை உருக்கி, ஒரு முனையிலிருந்து மெல்ல உறையவைத்து) வளர்க்கிறோம். மூன்று முறையும் குளிரும்போது விரிசல் விட்டுவிட்டது. வேகமாகக் குளிர்விக்கிறோமா?

பதில்: இருக்கலாம். இது அறுகோணப் படிகம். ஒரு திசையில் சுருங்கும் அளவுக்கு இன்னொரு திசையில் சுருங்காது. 780 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே உறைகிறது. அங்கிருந்து அறை வெப்பத்துக்கு அவசரமில்லாமல், நாள் கணக்கில் இறக்க வேண்டும்.

ஆனால் மூன்று முறையும் என்றால் நான் முதலில் சந்தேகிப்பது ஈரத்தைத்தான். உப்பில் துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆக்ஸிபுரோமைடு உண்டாகும். அது உங்கள் உலைச் சூட்டில் உருகாது. வெள்ளையாக மிதக்கும், குவார்ட்ஸ் சுவரைப் பிடித்துக்கொள்ளும். குளிரும்போது படிகம் சுருங்கப் பார்க்கும், குவார்ட்ஸோ சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். அப்புறம் விரிசல் விடாமல் என்ன செய்யும்? ‘நீரற்றது’ என்ற சீட்டை நம்பி நானும் ஒரு பாட்டிலை அப்படியே குழாயில் கொட்டியிருக்கிறேன். உருகியது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது. குழாயை மூடும் முன் வெற்றிடத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றி உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடிய குழாய் உலைக்குள் வெடிக்கவும் செய்யும். உடைந்த குழாயை எடுத்துப் பாருங்கள். படிகம் சுவரில் ஒட்டியிருக்கிறதா?

கேள்வி: சோடியம் அயோடைடில் கலக்கும் தாலியம் அருமண்தானே?

பதில்: இல்லை. அருமண் அல்ல, கடும் விஷம்.

கேள்வி: வீட்டிலேயே வளர்க்க முடியுமா சார்?

பதில்: ஹாலைடு (புரோமைடு, அயோடைடு போன்ற உப்பு) என்றால் வேண்டாம். ஆர்கான் நிரப்பிய க்ளவ்பாக்ஸ் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) இல்லாமல் உப்பு பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஈரம்.

கேள்வி: புதிதாக வாங்கிய லுட்டீசியம் ஆர்த்தோசிலிகேட் படிகம், பக்கத்தில் கதிரியக்க மூலம் எதுவும் இல்லாமலே எண்ணிக்கை காட்டுகிறது. திருப்பி அனுப்பவா?

பதில்: அனுப்பாதீர்கள். இயற்கை லுட்டீசியத்தில் 2.6 சதவீதம் லுட்டீசியம்-176. அது கதிரியக்கம் உள்ளது. ஒரு கன சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 300 சிதைவுகள் நடக்கும். 202, 307 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்கள் அதிலிருந்து வருபவை. மின்னணுப் பகுதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்கு அதுவே போதும். மிகக் குறைந்த கதிர்வீச்சை அளக்க மட்டும் இந்தப் படிகம் ஆகாது.

கேள்வி: ஒளி அதிகம் என்றால் ஆற்றல் பிரிதிறன் தானாக நன்றாக வரும். ஃபோட்டான் எண்ணிக்கை மட்டும்தான் விஷயம். சரிதானே?

பதில்: சரியில்லை, கணக்குப் போடுவோம். பிரிதிறன் என்பது அளவீட்டில் ஒரு ஆற்றலுக்கு வரும் பீக்கின் அகலம்; சதவீதம் குறையக் குறைய நல்லது. சோடியம் அயோடைடு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 38,000 ஃபோட்டான் தருகிறது. சீசியம்-137 இன் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பீக்கில் பிரிதிறன் சுமார் 7 சதவீதம். லாந்தனம் புரோமைடு தருவது 63,000. ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாக அகலம் குறையும் என்று பார்த்தால் 5.4 சதவீதம் வர வேண்டும். உண்மையில் 3க்குப் பக்கத்தில் வருகிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது? லாந்தனம் புரோமைடில் வெளிவரும் ஒளி, விழும் கதிரின் ஆற்றலுக்கு ஏறக்குறைய நேர்விகிதமாக இருக்கிறது. சோடியம் அயோடைடில் அந்த விகிதம் ஆற்றலுக்கு ஆற்றல் கோணுகிறது.

அவரே மறுபடி: ஒப்புக்கொள்ள மாட்டேன். யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அயோடைடு 80,000க்கு மேல் தருகிறது, பிரிதிறனும் 3 சதவீதம். ஒளிதானே காரணம்?

பதில்: உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. ஒளி கால் பங்குக்கு மேல் கூடியும் பிரிதிறன் அதே 3 சதவீதம்தானே? அந்தப் படிகமும் நேர்விகிதத்தில் நல்லது, அதனால்தான் 3. யூரோப்பியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: தான் விட்ட ஒளியைத் தானே விழுங்கி மறுபடி விடும். படிகம் பெரிதானால் சுற்று கூடும், ஒளித் துடிப்பு நீளும், வழியில் கொஞ்சம் தொலையும். சின்னத் துண்டில் அளந்த எண்ணைப் பெரிய படிகத்துக்கு எழுதாதீர்கள்.

இன்னொருவர்: இருவரும் பாதி சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: லாந்தனம் புரோமைடில் எனக்குப் பிரிதிறன் 9 சதவீதம்தான் வருகிறது. படிகம் மோசமா?

பதில்: படிகத்தைத் திட்டும் முன் ஒளியை அளக்கும் சென்சாரைப் பாருங்கள். இது ஒளி விடுவது 380 நானோமீட்டர் பக்கம், புற ஊதாவின் ஓரம். பச்சைக்குச் செய்த சிலிக்கான் சென்சார் அதில் பாதியைத் தவறவிடும். அப்புறம் படிகத்துக்கும் சென்சாருக்கும் நடுவே தடவும் கிரீஸில் காற்றுக்குமிழி, படிகத்தைச் சுற்றிய டெஃப்லானில் இடைவெளி. முகம் பனி படிந்தாற்போல் மங்கியிருந்தால் உறைக்குள் ஈரம் புகுந்துவிட்டது.

கேள்வி: வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பில் உப்பை உலர்த்தினால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

முதல் கேள்வி கேட்டவர்: குழாயைப் பார்த்தேன் சார். ஒட்டித்தான் இருக்கிறது. அடியில் வெள்ளைப் படலமும் இருக்கிறது.

பதில்: அப்படியானால் உலையின் நிரலில் கை வைக்காதீர்கள். உப்பை மாற்றுங்கள்.