குதிரையைக் கேளுங்கள்

கேள்வி: என் மேலதிகாரிக்கு ஈகோ மிக அதிகம். உளப்பகுப்பாய்வின்படி இப்படிப்பட்டவர்களின் ஆளுமையை மாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அதிகமா? உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் கணக்கில் பார்த்தால் உங்கள் அதிகாரிக்கு ஈகோ குறைச்சல் என்றுதான் வரும். அவர் சொன்ன ஈகோ ஒரு பரிதாபமான குமாஸ்தா. இச்சை ஒரு பக்கம் பிடுங்கும், மனசாட்சி ஒரு பக்கம் குட்டும், வெளியுலகம் ஒரு பக்கம் கண்ணை உருட்டும். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. சினிமாச் செய்தியில் வருகிற 'ஈகோ மோதல்' வேறு சாதி.

ஃபிராய்ட் 'ஈகோ' என்று எழுதவே இல்லை என்பது இன்னொரு கூத்து. 1923இல் ஜெர்மனில் வந்த புத்தகத்தின் பெயர் 'நானும் அதுவும்'. பால்வாடிக் குழந்தைக்கும் தெரிந்த நான், அது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள்தான் மருந்துச்சீட்டு வாசனை வரட்டும் என்று லத்தீனில் ஈகோ, இட் என்று போட்டார்கள். அதைப் பார்த்து நாம் 'தன்முனைப்பு' செய்தோம். இதைப் பற்றி நான் புலம்பும்போதெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் கார்டு போடுவார்: கலைச்சொல் என்றால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்குமாம். ஐயா, இந்த வாரக் கார்டுக்கு முன்கூட்டியே நன்றி.

நான் மேலே சொன்ன இச்சைக்குத்தான் 'அது' என்று பெயர். அந்தச் சொல்லை ஃபிராய்ட் எடுத்துக்கொண்டது பாடன்-பாடன் ஊர் டாக்டர் கியோர்க் குரோடெக்கிடமிருந்து. நாம் வாழவில்லை, ஏதோ ஒன்று நம்மை வைத்து வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கட்சி. தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அவளைப் பிடித்துப் போயிற்று. வந்தது, போயிற்று எல்லாம் அஃறிணை. 'எனக்கு' நான்காம் வேற்றுமையில் திண்ணையில் உட்கார்ந்திருக்க, வீட்டுக்குள் யார் யாரோ போய் வருகிறார்கள்.

நான் என்பது சவாரி செய்பவன், அது என்பது குதிரை என்றார் ஃபிராய்ட். பல சமயம் குதிரை போகிற பக்கமே போய்விட்டு, தானே ஓட்டியதாகக் காட்டிக்கொள்வானாம். 1898இலேயே நண்பர் ஃபிலீஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யூத ஜோக்கைச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குதிரையேறும் இட்ஸிக்கை எங்கே போகிறாய் என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், குதிரையைக் கேள்!"

சின்ன வயதில் ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் வீட்டுக்கு வருவோம். குதிரை நேரே கள்ளுக்கடை வாசலில் போய் நிற்கும். சாட்டையைச் சுழற்றினாலும் நகராது. வண்டிக்காரர் கீழே இறங்கி, லாடத்தைத் தூக்கிப் பார்த்து, "ஆணி ஆடுதுங்க சாமி, அஞ்சு நிமிஷம்" என்று உள்ளே போவார். தினமும் அதே இடத்தில் அதே ஆணி. வைக்கோலுக்கு மேல் விரித்த சாக்கில் உட்கார்ந்து, முதுகில் குத்தும் பெட்டியோடு நாங்கள் காத்திருப்போம்.

சரி, மாற்ற முடியுமா? ஃபிராய்ட் 1913இல் எழுதிய முறைப்படி, ஞாயிறும் பண்டிகையும் தவிர தினம் ஒரு மணி நேரம் சோபாவில் படுத்துப் பேச வேண்டும். வராத நாளுக்கும் காசு உண்டு, நம் டியூஷன் மாஸ்டர்கள் மாதிரி. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போகும். உங்கள் அதிகாரி குணமாவாரோ மாட்டாரோ, வாரத்தில் ஆறு நாள் ஒரு மணி நேரம் ஆபீஸில் இருக்க மாட்டார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பி வையுங்கள்.