ஆல்ஃபா, பிராவோ சொற்களை மனத்தில் பதிப்பது எப்படி?

அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலித் தேர்வுக்குப் படிக்கும் தங்களுக்கு, ஆங்கில எழுத்துகளை வானொலியில் தெளிவாகச் சொல்ல ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ எனப் பயன்படும் 26 சொற்களும் வரிசையாக வருகின்றன, ஆனால் இடையில் ஓர் எழுத்தைக் கேட்டால் தடுமாற்றம் ஏற்படுகிறது என்கிறீர்கள். பாட்டைப் போல வரிசையாக மனனம் செய்ததே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

சாலையில் செல்லும் வாகனங்களின் எண்பலகைகளைப் படித்துப் பழகுங்கள். டிஎன் என்று கண்டதும் ‘டாங்கோ நவம்பர்’ என வாய் தானாகச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமானது மறுதிசைப் பயிற்சி: வேறொருவர் ‘விக்டர் யூனிஃபார்ம்’ என்று சொல்ல, நம் நாட்டு அமெச்சூர் நிலையங்களின் அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளக் குறியீடு) தொடங்கும் வியு என்ற எழுத்துகளைத் தாங்கள் தயங்காமல் எழுத வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

பி, டி, ஈ, ஜி போன்ற எழுத்துகள் ஒரே ஒலியில் முடிவதால் இரைச்சலில் குழம்பிவிடும் என்பதற்காகவே, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுவோரிடம் சோதித்துத் தேர்ந்த இச்சொற்கள் 1956-இல் பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் நடைமுறைக்கு வந்தன. (தமிழில் எழுதினால் இரண்டு ‘பி’யும் கண்ணுக்கே ஒன்றாகத்தான் தெரிகின்றன, ‘பிராவோ’, ‘பாப்பா’ என்றால்தான் பிரிகின்றன.) ஆகவே பிராவோவுக்குப் பதிலாகப் பாம்பே என்று சொந்தச் சொல்லைச் செருகாதீர்கள். எண்களில் 9-ஐ ‘நைனர்’ என்றும், 5-ஐ ‘ஃபைஃப்’ என்றும், 3-ஐ ‘ட்ரீ’ என்றும் ஒலிப்பதையும் இதனுடனேயே பழகிவிடலாம்.