வாசகர் கேள்வி: ‘தோட்டத்தில் இருக்கும் ஒருத்தி எழுதி என்ன ஆகப்போகிறது?’

கேள்வி: அக்கா, எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அரசாங்கம் நினைத்த நேரம் பேஸ்புக், வட்ஸ்அப்பை நிறுத்துவது பிழை என்று போன மாதம் முகநூலில் எழுதினேன். ‘உன்னைப் பிடித்துக்கொண்டு போனால் நான் யாரிடம் போய் நிற்பது? உடனே அழி’ என்றார் அப்பா. மச்சானோ, ‘வி.பி.என். (தடையைத் தாண்டித் தளங்களைத் திறக்கும் செயலி) போட்டால் முடிந்தது, இதற்கெல்லாம் ஏன் எழுத்து’ என்கிறான். தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் ஒருத்தி எழுதி என்ன ஆகப்போகிறது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, நான் தலவாக்கலையில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், வெளிநாட்டுக் கோல். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்த கையோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மாதக் கடைசியில்தான் திரும்ப வந்தன. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் ஒரு அம்மா மலையிலிருந்து நேரே கடைக்கு வந்தார். மகள் குவைத்தில் வீட்டு வேலை. வாராவாரம் வட்ஸ்அப்பில் பேசும் பிள்ளை. கொழுந்து நிறை எழுதும் துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் நம்பர். கடைசி இலக்கம் வியர்வையில் கலைந்து, ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்று போட்டேன். யாரோ அரபியில் பேசினார். ஏழு போட்டேன். ‘அம்மா, உசுரோட இருக்கியா?’ என்று அந்தப் பிள்ளை கத்தியது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. மூன்று நிமிடம் பேசினார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த அம்மா காசை எண்ண ஆரம்பித்தார். நான் வாங்கவில்லை.

அந்தத் தடையைப் பற்றிப் பின்னால் எத்தனையோ பேர் எழுதினார்கள். நான் வாசித்த எதிலும் அந்த அம்மா இல்லை. நானும் எழுதி வைக்கவில்லை. மூன்றாம் நாளா நாலாம் நாளா என்று இன்றைக்குத் தடுமாறுகிறேன், பார்த்தீர்களா? அதனால்தான் உங்களை எழுதச் சொல்கிறேன். இனி ஒரு முறை நிறுத்தினால், திகதி, நேரம், எந்த சிம், எது திறந்தது, எது திறக்கவில்லை, உங்கள் லயத்தில் (வரிசை வீடுகளில்) யாருக்கு என்ன முடங்கியது என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஊனி புரோப் என்று இலவச செயலி ஒன்று இருக்கிறது. உங்கள் இணைப்பில் எந்தத் தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்று சோதித்து, முடிவை உலகமே பார்க்கும்படி வெளியிடும். வலையமைப்பின் பெயரும் அதில் வரும், அதைத் தெரிந்துகொண்டே பாவியுங்கள்.

மச்சான் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2022 ஏப்ரல் 3, ஊரடங்கு நாளில் சமூக வலைத்தளங்களை முடக்கியபோது, அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே தானும் வி.பி.என். பாவிப்பதாகவும் இப்படியான தடை பயனற்றது என்றும் ட்விட்டரில் எழுதினார். அன்று பின்னேரமே தடை நீங்கியது. ஆனால் வி.பி.என். தெரிந்தவருக்குத்தான் வழி. படங்கோடு வந்த அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அதோடு, இலவச வி.பி.என். சிலது நம் விபரங்களையே விற்றுப் பிழைக்கிறவை.

ஒன்றை மறைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் நம் கண்டிப் பக்கத்திலேயே, திகன, தெல்தெனியவில் முஸ்லிம் மக்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். அதற்குத் தூபம் போட்ட பதிவுகள் பேஸ்புக்கில் ஓடின. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், 7ஆம் திகதி தடை. கடைகள் எரிய ஆரம்பித்த பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனமே வருத்தம் தெரிவித்தது. தடை வேண்டாம் என்கிற நாம், வெறுப்புப் பதிவைக் கண்டால் அன்றைக்கே முறையிட வேண்டும். சும்மா தாண்டிப் போகக் கூடாது.

அப்பாவின் பயம் வீண் பயமில்லை. 2022இல், அன்றைய ஜனாதிபதி கோட்டாபயவை வீட்டுக்குப் போகச் சொன்ன முகநூல் பக்கம் ஒன்றை நடத்திய இளைஞரைப் பிடித்தார்கள். சட்டத்தரணிகள் கூட்டமாகப் போய் அவருக்காக நின்றார்கள். 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. பொய்யான கூற்று என்று சொல்லி வழக்குப் போட அதில் இடமுண்டு. அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைப் பகிராதீர்கள். உங்கள் பதிவில் ஒரு கருத்துத்தான் இருக்கிறது. கருத்துச் சொல்ல அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அழிக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம், தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்: தடைக்கு உத்தரவிட்டது யார், எந்தச் சட்டப் பிரிவின் கீழ், அந்தக் கடிதத்தின் பிரதி தேவை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. வேறொரு விஷயத்துக்கு ஓர் அலுவலகத்துக்கு நான் தமிழில் எழுதினேன், பதில் சிங்களத்தில் வந்தது. திருப்பி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துத் தமிழில் வந்தது.

கடிதத்தை எழுதிக்கொண்டு ஒரு ஞாயிறு கடைக்கு வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் போடுவோம்.