எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டுதான் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். ஒன்றாம் வகுப்பில் 22 பிள்ளைகள். உயிர், மெய் எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். கரும்பலகையில் 'கடல்' என்று எழுதினால் பாதிப்பேர் விழிக்கிறார்கள். பக்கத்து வகுப்பு டீச்சருக்கு 25 ஆண்டு அனுபவம். அவரிடம் போன பிள்ளைகள் வாசித்துவிடுகிறார்கள். கேட்டால் "பழகினா வந்துடும்மா" என்கிறார். அவர் உண்மையில் என்ன செய்கிறார்? ஒரு பையன் எழுத்துகளை இடவலமாகத் திருப்பி எழுதுகிறான். கவலைப்பட வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த டீச்சர் எதையும் ஒளிக்கவில்லை. கைபழகிய வேலையை வாயால் சொல்வது கடினம். அவர் பாடம் நடத்துவதைவிட, ஒரு பிள்ளை தப்பாக வாசித்த அடுத்த நொடி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். 'வாசிக்கத் தெரியவில்லை' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது நான்கைந்து தனித்தனிக் குறைகள். எது என்று காதாலேயே பிடிப்பதற்குத்தான் அத்தனை ஆண்டு ஆகிறது.

நீங்கள் சொன்ன 'கடல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை "க, ட, இல்" என்று கூட்டி "கடயில்" என்று முடிக்கும். இது நாம் உண்டாக்கிய பிழை. மெய்யை "இக், இங், இச்" என்று சொல்லித்தருகிறோம். முன்னால் வரும் 'இ' உச்சரிக்க உதவும் ஊன்றுகோல் மட்டுமே என்பது பிள்ளைக்குத் தெரியாது, எழுத்தின் ஒலியே அதுதான் என்று நினைக்கிறது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகக் கேட்பதை நிறுத்துங்கள். கல், பல், சொல் என்று முந்தைய எழுத்தோடு ஒட்டி, விரலை நடுவில் நிறுத்தாமல் இழுத்து, ஒரே மூச்சில் சொல்லவையுங்கள்.

இன்னொரு பிள்ளை 'ட'வைக் கண்டதும் "க, ங, ச, ஞ..." என்று முணுமுணுத்து அங்கே வந்து சேரும். அதற்கு வரிசைதான் மனப்பாடம், உருவம் பதியவில்லை. எழுத்து அட்டவணையைச் சில வாரம் சுருட்டி வையுங்கள். ப, ட, ம, ர, க, ல ஆகியவற்றோடு ம், ட், ல் சேர்ந்தால் போதும்: படம், மரம், கல், கடல், பட்டம் என்று சொற்கள் கிடைத்துவிடும். நெடுங்கணக்கு வரிசையில் போனால் இரண்டாவது அடியிலேயே 'ங'வில் முட்டிக்கொள்வோம். ங, ஙா, ஙி வரிசையில் 'ங்' தவிர மற்றவற்றுக்கு அன்றாடச் சொல்லே இல்லை. 'பட்டம்' சொல்லித்தந்தீர்களானால் 'மட்டம்' எழுதிக் கேளுங்கள். பழகாத சொல்லை வாசித்தால்தான் எழுத்து வந்ததாகக் கணக்கு. ல-ள, ர-ற, ண-ன, ப-ய இணைகளை ஒரே வாரத்தில் கொண்டுவர வேண்டாம்.

உருவம் தெரிந்தும் குறில் நெடில் பிரியாத பிள்ளைக்கு எழுத்தே வேண்டாம். தினம் பத்து நிமிடம் காதுக்கு மட்டும்: பல்-பால், படம்-பாடம், எடு-ஏடு, குடை-கூடை. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை விரிப்பது.

பெரும்பாலான வகுப்புகள் சறுக்குவது குறியீடுகளில்தான். துணைக்காலை 'ர' என்று நினைத்து 'கால்' என்பதைக் "கரல்" என்று வாசிப்பார்கள். 'ர'வின் அடியில் சாய்ந்த வால் உண்டு, துணைக்காலுக்கு இல்லை. அந்த வாலைத் தொட்டுக் காட்டுங்கள். கொம்பு அதைவிடச் சிக்கல். 'மெ' என்ற எழுத்தில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாயோ 'ம்' ஒலியில் தொடங்க வேண்டும். இரண்டு மின்னட்டைகள் செய்யுங்கள், கொம்புக்கு வேறு நிறம். முதலில் 'ம' மட்டும். பிள்ளை சொன்னதும் இடப்பக்கத்திலிருந்து கொம்பை நகர்த்திச் சேர்த்து "மெ" என்று மாற்றிச் சொல்லவையுங்கள். 'ம' வீட்டுக்காரர், கொம்பு விருந்தாளி என்று சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். துணைக்காலுக்குப் பிறகு இகர ஈகாரம், உகர ஊகாரம், பிறகு கொம்பு, கடைசியாக இருபுறமும் குறி நிற்கும் 'கொ', 'கோ' என்று போங்கள். உகரத்தை வரிசையாக நடத்தாமல் உருவக் குடும்பமாகப் பிரியுங்கள்: பு, சு, யு, வு ஒன்று. து, நு, லு, னு இன்னொன்று. டு, மு, ரு, ளு மூன்றாவது. 'கு' தனி. ஔகாரம் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். பிரிப்பது நல்லதுதான். ஆனால் அரும்பில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று "கடயில்" பிள்ளை, மற்றது முணுமுணுக்கும் பிள்ளை என்றால் ஒரே பயிற்சித்தாள் இருவருக்கும் உதவாது. ஆறேழு பேரை அருகே உட்காரவைத்து ஒவ்வொருவரையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் தரையில் சாக்பீஸால் எழுதிய எழுத்தின்மேல் புளியங்கொட்டை அடுக்கட்டும். குறிப்பேட்டில் மதிப்பெண் வேண்டாம், பிழையை அப்படியே எழுதுங்கள்: "கால் - கரல்". வாரத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வரி போதும். ஒரு மாதக் குறிப்பைப் பக்கத்து டீச்சரிடம் காட்டிப் பாருங்கள். "பழகினா வந்துடும்" என்பதற்குப் பதில் ஒவ்வொரு பிழைக்கும் மருந்து சொல்வார்.

திருப்பி எழுதும் பையனைத் திட்டாதீர்கள். ஏழு வயதுவரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவது இயல்பு. எழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொடுங்கள். முழு சாக்பீஸ் வேண்டாம், இரண்டு சென்டிமீட்டர் துண்டாக ஒடித்துக்கொடுத்தால் உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க முடியாது, விரல்நுனிக்கு வந்துவிடும். சொல்லின் கடைசி மெய்யை எப்போதும் விட்டுவிடும் பிள்ளையையும், அடிக்கடி சளியோ காதில் சீழோ வரும் பிள்ளையையும் தனியாகக் குறித்துவையுங்கள். அவர்களுக்குக் காதுப் பரிசோதனை நடக்கவேண்டும். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் அந்தப் பெயர்களை முதலில் கொடுங்கள். அதுவரை முதல் வரிசையில், உங்கள் வாய் தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள்.