கடலில் தனியாக மாட்டிக்கொள்வதைப் பற்றிய உளவியல் த்ரில்லர் படங்களில் உங்களை உலுக்கியது எது?

'டெட் காம்'. 1989இல் வந்த ஆஸ்திரேலியப் படம், இயக்கம் பிலிப் நாய்ஸ். இதை நான் பார்த்தது ஒரு சரக்குக் கப்பலின் மெஸ் ரூமில். அப்போது தேர்டு ஆபீசராக இருந்தேன். கப்பலில் உட்கார்ந்துகொண்டு கடல் படம் பார்ப்பது புத்திசாலித்தனம் இல்லைதான், ஆனால் ஹார்டு டிஸ்க்கில் பார்க்காமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

கதை சின்னது. ஜான் கடற்படை அதிகாரி, ரே அவன் மனைவி. கார் விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர்கள். மனசு ஆறட்டும் என்று ஒரு பாய்மரப் படகில் பசிபிக் கடலுக்குக் கிளம்புகிறார்கள். ஒரு நாள், காற்று செத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்போது, தூரத்தில் ஓர் ஓட்டை உடைசல் கப்பல் தெரிகிறது. அதிலிருந்து ஓர் இளைஞன் சின்ன டிங்கியில் வெறிபிடித்தவன் போலத் துடுப்புப் போட்டு வருகிறான். கூட இருந்த எல்லோரும் கெட்டுப்போன டின் சாப்பாட்டால் செத்துவிட்டார்கள், கப்பலும் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்கிறான். ஜானுக்கு நம்பிக்கை வரவில்லை. இளைஞன் அசந்து தூங்கும்போது கதவைப் பூட்டிவிட்டு, ஜான் தானே அந்தக் கப்பலுக்குப் போய்ப் பார்க்கிறான். அங்கே கிடப்பது வேறு கதை. பதறிப்போய்த் திரும்பி வருவதற்குள் இளைஞன் எழுந்து, ரேயையும் சேர்த்துப் படகை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

அவ்வளவுதான், மூன்றே பேர். சார்லஸ் வில்லியம்ஸ் 1963இல் எழுதிய நாவல்தான் மூலம். அதில் மூழ்கும் கப்பலில் உயிரோடு இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். ஜானுக்குச் சண்டை போடவாவது ஆள் உண்டு. திரைக்கதை எழுதிய டெர்ரி ஹேஸ் அவர்களைத் தூக்கிவிட்டார். எனக்குப் படத்தின் ஆகப்பெரிய கெட்டிக்காரத்தனம் அதுதான். (இதே நாவலை அறுபதுகளின் கடைசியில் அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் யூகோஸ்லாவியக் கடற்கரையில் படமாக்கிப் பார்த்து, முடிக்காமலே விட்டுவிட்டார்.)

ஒரு கணக்கு சொல்கிறேன், படம் பார்க்கும்போது உதவும். கண் கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். எங்கள் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், 25 மீட்டர் உயரத்தில் நின்றால் 18 கிலோமீட்டர் போகும். படகிலிருந்து பார்ப்பவருக்குக் கடல் அகலமானது இல்லை, ஒரு சின்ன வட்டம். ஆறு நாட் (மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) வேகத்தில் போகிற படகின் உடல் அரை மணி நேரத்தில் தொடுவானத்துக்குக் கீழே மறையத் தொடங்கிவிடும், பிறகு பாய்மரமும். ராத்திரியில் ஜான் செய்யும் ஒரு காரியம் ஏன் அவ்வளவு பெரிய முடிவு என்பது இந்தக் கணக்கு தெரிந்தால் பிடிபடும்.

ஆனால் என்னை உலுக்கியது ரேடியோ. ரே பேசுவது ஜானுக்குக் கேட்கிறது. ஜான் பேசுவது போய்ச் சேரவில்லை, அவன் பக்கத்து ரேடியோ தண்ணீர் பட்டுக் கெட்டுவிட்டது. மைக்கின் பட்டனை அழுத்தினால் ஒரு 'க்ளிக்' மட்டும் அவளுக்குக் கேட்கும். அவள் கேள்வி கேட்கிறாள், அவன் க்ளிக் செய்து பதில் சொல்கிறான். புருஷன் பெண்டாட்டிப் பேச்சு முழுவதும் அந்தச் சத்தத்தில் நடக்கிறது. வேறு எந்தப் படத்திலும் இப்படி ஒரு காட்சியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

எங்கள் கப்பலில் ஒரு ஃபிட்டர் இருந்தார். ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அவருக்கு மாற்று ஆள் வரவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போய்விடுவார். என் வாட்ச், அதாவது பிரிட்ஜில் காவல் இருக்கும் முறை, இரவு எட்டிலிருந்து பன்னிரண்டு. பத்து மணிவாக்கில் பிரிட்ஜுக்கு வந்து வி.எச்.எஃப் ரேடியோ பக்கத்தில் நிற்பார். கப்பல்கள் ஒன்றையொன்று கூப்பிடவும் ஆபத்தில் உதவி கேட்கவும் உள்ள சேனல் 16இல், நடுக்கடலில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. மலாக்கா நீரிணைப் பக்கம் போனாலாவது யாராவது சீட்டி அடிப்பார்கள், பாட்டுப் போடுவார்கள்.

"என்னண்ணே கேக்குறீங்க?" என்றேன் ஒரு நாள்.

"யாராச்சும் பேசுதாங்களான்னு பாக்கேன் சார்."

மெஸ்ஸில் படம் ஓடிய அன்று அவரும் இருந்தார். அந்த க்ளிக் காட்சி வந்ததும் எழுந்து போய்விட்டார். மீதியை அவர் பார்க்கவில்லை.

நடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படப்பிடிப்பின்போது நிகோல் கிட்மனுக்கு இருபதை ஒட்டிய வயது, சாம் நீலுக்கு நாற்பது. தம்பதி என்று நம்ப முதலில் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதுகொண்டே இருந்த பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குப் போட ஆரம்பிப்பதைக் கிட்மன் முகத்தில் பார்க்கலாம். பில்லி ஸேன் செய்த அந்த இளைஞன் கத்தும்போது பயம் வராது. சிரித்துக்கொண்டே நட்பாகப் பேசும்போதுதான் வயிற்றைக் கலக்கும். அவனை ஏமாற்ற ரே அவனோடு படுக்க வேண்டிவரும் காட்சி இன்றைக்குப் பார்க்க உறுத்துகிறது. கடைசி ஐந்து நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை, தனியாகத் தைத்து ஒட்டியது மாதிரி இருக்கிறது. என்ன நடக்கிறது என்று சொல்லப்போவதில்லை.

அப்புறம், படம் 96 நிமிடம்தான். ராத்திரி ஹெட்போன் போட்டுப் பாருங்கள், பின்னணி இசைக்குள் மூச்சு வாங்கும் சத்தம் ஒன்று வரும், ஸ்பீக்கரில் தவறிவிடும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு உட்காருங்கள்.