கையேட்டை மூடினால் கை ஓடவில்லையா?

கேள்வி: மூன்று வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். ஜாவா ஓரளவு எழுதுவேன். என்டர்பிரைஸ் வெப் டெவலப்மென்ட் பக்கம் மாற ஆசைப்பட்டு ஆயிரம் பக்கத்தில் ஒரு புத்தகம் வாங்கினேன், நூறு பக்கம்கூடத் தாண்டவில்லை. பிறகு சுருக்கமான கையேடுகளாக நான்கு படித்தேன். சர்வ்லெட் (வெப் ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்), ஸ்பிரிங் பூட் (வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்), ஜேபிஏ (ஜாவாவிலிருந்து டேட்டாபேஸைக் கையாளும் முறை) எல்லாமே படிக்கும்போது புரிகிறது. மூடி வைத்துவிட்டுச் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பெரிய புத்தகத்துக்கே திரும்பட்டுமா? 29 வயதில் இது தாமதமா?
– பெயர் வேண்டாமே

பதில்: வயதுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தாமதமே இல்லை.

பெரிய புத்தகத்துக்கும் திரும்ப வேண்டாம். அது அலமாரியில் இருக்கட்டும், அகராதி மாதிரி சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கலாம். அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து யாரும் மொழி கற்றுக்கொண்டதில்லை. நான்கு கையேடுகளில் மூன்றையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். நான்கிலும் முதல் பாதி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்திருக்கும், அதை நான்கு தடவை படித்ததால்தான் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு வந்திருக்கிறது.

எந்த ஒன்றை வைத்துக்கொள்வது? அதிலுள்ள இம்போர்ட் வரிகளைப் பாருங்கள். சர்வ்லெட் இம்போர்ட் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கினால் பழசு, 'ஜகார்த்தா' என்று தொடங்கினால் புதுசு. ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இஇ-யை (சர்வ்லெட், ஜேபிஏ எல்லாம் அடங்கிய என்டர்பிரைஸ் ஜாவா) 2017-ல் எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்க முடிவுசெய்தது, ஆனால் 'ஜாவாஎக்ஸ்' என்ற பழைய பெயரைத் தொடர்ந்து வளர்க்க உரிமை கிடைக்கவில்லை, அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-ல் எல்லா பேக்கேஜ் பெயர்களையும் மாற்றினார்கள். ஸ்பிரிங் பூட் 3-ம் 2022-ல் அதே வழிக்கு வந்துவிட்டது. பழைய கையேட்டைப் பார்த்து ஒரு சர்வ்லெட் எழுதி, சர்வ்லெட்டை ஓட்டும் சர்வரான டாம்கேட் 10-ல் போட்டால் சர்வர் ஒரு புகாரும் சொல்லாமல் எழுந்து நிற்கும், பக்கத்தைத் திறந்தால் 404 வரும். தப்பு உங்களுடையது என்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தேடுவீர்கள்.

சரி, கை ஓடாத விஷயத்துக்கு வருவோம். நூறு பக்கத்தில் முடிக்க வேண்டிய கையேடு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் பாதையை மட்டும்தான் காட்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, வேறு வழி அதற்கு இல்லை. ஆனால் என்டர்பிரைஸ் வேலையில் பெரும்பகுதி, பாதியில் ஏதாவது அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டுத்தானே நீங்கள் மூன்று வருடமாகச் சம்பளம் வாங்குகிறீர்கள்? கையேட்டைப் படிக்கும்போது மட்டும் ஏன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுகிறீர்கள்? அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் டெவலப்பர் 'முடிச்சாச்சு' என்று கொண்டுவந்து கொடுத்த வேலையாக நினைத்து உடைத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, ட்ரான்ஸாக்‌ஷனல் அனோடேஷனை (மெத்தட் தலையில் ஒட்டும் குறிப்பு) போட்டால் பாதியில் தவறு நேர்ந்தாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி இருக்கும். ஒரு கணக்கிலிருந்து 500 கழித்து இன்னொன்றில் சேர்க்கிற மெத்தட் ஒன்று எழுதுங்கள். கழித்த பிறகு, சேர்ப்பதற்கு முன்னால், வேண்டுமென்றே ஓர் ஐஓ எக்ஸப்ஷனை வீசுங்கள். டேட்டாபேஸில் போய்ப் பாருங்கள்: 500 கழிந்திருக்கும், எங்கேயும் சேர்ந்திருக்காது. அதே இடத்தில் ரன்டைம் எக்ஸப்ஷனை வீசினால் ஒழுங்காக ரோல்பேக் ஆகும், அதாவது கழித்தது பழையபடி திரும்பிவிடும். ஸ்பிரிங் இயல்பாக ரன்டைம் எக்ஸப்ஷனுக்கும் எரருக்கும் மட்டும்தான் ரோல்பேக் செய்யும், ஐஓ எக்ஸப்ஷன் மாதிரியான செக்டு எக்ஸப்ஷன் வெளியே போனால் அதுவரை நடந்ததை கமிட் செய்து நிரந்தரமாக்கிவிடும். வேறு மாதிரி வேண்டுமென்றால் நீங்கள்தான் அனோடேஷனில் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த மெத்தடை அதே கிளாஸுக்குள்ளிருந்து, அனோடேஷன் இல்லாத இன்னொரு மெத்தட் மூலம் கூப்பிட்டுப் பாருங்கள். இப்போது ரன்டைம் எக்ஸப்ஷன் வீசினாலும் ரோல்பேக் கிடையாது, ஏனென்றால் ஸ்பிரிங் தன் காவலாளியை வாசலில்தான் நிறுத்துகிறது, வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறவரை அவர் பார்ப்பதில்லை. ஒரு வரியைத் தட்டிப் பார்த்ததில் ஒரு சாயங்காலம் போய்விடும், ஆனால் அந்த வரி இனி மறக்காது.

இன்னொன்று. ஸ்பிரிங் பூட்டில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் உள்ளே இருக்கும் டாம்கேட் ஒரே நேரத்தில் 200 த்ரெட் (ஆளுக்கொரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி) வரை ஓட்டும், ஆனால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலில் (எல்லா த்ரெட்டும் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பில்) இருப்பது 10 தான். ஒரு ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் 40 நொடி தூங்கச் சொல்லிவிட்டு லோட் டெஸ்ட் கருவியான ஜேமீட்டரில் 11 ரிக்வெஸ்ட் ஒன்றாக விடுங்கள் (பிரவுசரில் டேப் டேபாகத் திறந்து பார்க்காதீர்கள், ஒரே சர்வருக்கு அத்தனை இணைப்பை அது திறக்காது). பதினொன்றாவது ரிக்வெஸ்ட் 30 நொடி காத்திருந்துவிட்டு விழும். நிஜத்தில் அந்தத் தூக்கத்துக்குப் பதில், ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்துகொண்டே வெளி சர்வீஸ் ஒன்றின் பதிலுக்காகக் காத்திருக்கும் கோட் இருக்கும். 'சிபியு சும்மாதான் இருக்கு, ஆனா சைட் தொங்குது' என்று ஒரு நாள் யாராவது உங்களிடம் வந்து நிற்பார்கள், அப்போது பூலைப் பார்க்கத் தோன்றும்.

ஸ்பிரிங்குக்கு முன்னால் ஒரு வாரக் கடைசியில் வெறும் சர்வ்லெட் ஒன்று எழுதிவிடுங்கள் என்றும் சொல்வேன். இந்தக் காலத்தில் எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஸ்பிரிங்கின் வெப் பகுதியான ஸ்பிரிங் எம்விசி-யின் வாசலே ஒரு சர்வ்லெட்தான். அதைவிட முக்கியம், ஒரே ஒரு சர்வ்லெட் ஆப்ஜெக்ட், வருகிற எல்லா ரிக்வெஸ்டுக்கும் வெவ்வேறு த்ரெட்டில் அதுதான் வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான் அதைப் பார்க்காமல் நேரே ஃப்ரேம்வொர்க்கில் குதித்தவன். ரிக்வெஸ்டை வாங்கிக் கவனிக்கும் கன்ட்ரோலர் கிளாஸில் பயனர் பெயரை ஒரு ஃபீல்டில் வைத்தேன், என் லேப்டாப்பில் பிரமாதமாக ஓடியது, ஏனென்றால் பயனர் நான் ஒருவன்தான். லைவில் போன அன்று ஒருவர் லாகின் செய்தால் இன்னொருவர் பெயர் வந்தது. ஸ்பிரிங் கன்ட்ரோலரும் இயல்பில் ஒரே ஆப்ஜெக்ட்தான், அந்த ஃபீல்ட் எல்லோருக்கும் பொது. என் கையேட்டில் 'சிங்கிள்டன்' என்ற சொல் இருந்தது, அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன்!

செக்யூரிட்டி, டாக்கர், மைக்ரோசர்வீஸ் எல்லாவற்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு சின்ன அப்ளிகேஷன் போதும், நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற மாதிரி ஏதாவது. ஒரே புத்தகத்தை இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் என்ன ஆகும் என்பதிலேயே ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது.

உங்களிடம் இருக்கும் இன்னொரு வசதியை நீங்கள் கடிதத்தில் சொல்லவே இல்லை. மூன்று வருடத்தில் எத்தனையோ பக் பதிவு செய்திருப்பீர்கள். அலுவலக கோடைப் படிக்க மட்டும் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். நீங்கள் பிடித்த பக்குகளில் நன்றாக நினைவிருக்கும் பத்தை எடுத்து, அதைச் சரிசெய்த கமிட்டை (கோடில் செய்த மாற்றத்தின் பதிவு) தேடிப் படியுங்கள், ஆனால் திருத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த கிளாஸில் கை வைத்திருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு திறங்கள். முதல் மூன்றோ நான்கோ தப்பாகத்தான் போகும்.